மூவிழைக் கயிறு கண்ட ஜி. என். இராமச்சந்திரன்

தாராவியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் பட்டறை. தோலை அறுத்துப் பை தைப்பது அவர் தொழில். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர். அப்பா என்ன செய்கிறார் என்று கல்லூரியில் யாராவது கேட்டால், வியாபாரம் என்று சொல்லி நான் நழுவிய நாட்கள் உண்டு. அந்த வெட்கத்தைப் போக்கியவர் நான் நேரில் கண்டிராத ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

என் எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள், எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு. ஆட்டெலும்பைச் சுரண்டிப் பார்த்தவர்கள் அதை அறிவார்கள். பார்வைக்கு ஈரத்துணி போன்றது. ஆனால் எலும்பின் நீளவாக்கில் இழுத்தால் எளிதில் இணங்காது. குறுக்குவாக்கில் இழுத்தால் சற்று நெகிழும். வெட்டி எடுத்ததும் சுருங்கிவிடும்; எலும்பின் மேல் இருக்கும்போதே அது இழுத்துக் கட்டப்பட்டிருப்பதுதான் காரணம். இவ்வளவு வலிமை அதற்கு எங்கிருந்து வந்தது? கொலாஜன் என்னும் புரத இழையிலிருந்து வந்தது. தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கும், நம் தோலுக்கும் உறுதி தருவது அதுவே. நம் உடலிலுள்ள புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் கொலாஜன்தான். அந்த இழை எப்படிப் பின்னப்பட்டது என்று கண்டவர்தான் ஜி. என். இராமச்சந்திரன்.

அவரும் நம்மைப்போல் தமிழகத்துக்கு வெளியே பிறந்த தமிழர். 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவருடைய திறமையைக் கண்டு, தம் பௌதிகத் துறைக்கே அழைத்துக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து திரும்பினார்.

சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், பௌதிகத் துறையை ஏற்க இராமனை அழைத்தார். இராமனோ தம் மாணவரைக் கைகாட்டினார். 1952இல் ஏறத்தாழ 30 வயதில் இராமச்சந்திரன் துறைத் தலைவரானார். அப்போது சென்னை வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். அந்தச் சொல் இளைஞரைப் பற்றிக்கொண்டது. அண்டையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் நாண் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

1954இல் நேச்சர் இதழில் விடை வந்தது. மூன்று சங்கிலிகள் சேர்ந்து பின்னிய கயிறே கொலாஜன். மறு ஆண்டு அதைத் திருத்தி, ஒவ்வொரு சங்கிலியும் ஒரு புறம் முறுக, மூன்றும் சேர்ந்து எதிர்ப்புறம் முறுகுவதாகக் காட்டினார். கயிறு திரிப்பவர்கள் கையாளும் முறையும் இதுவன்றோ! நடுவில் இடம் மிகக் குறைவு. ஆதலால் சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் கண்ணியும், அமினோ அமிலங்களில் மிகச் சிறிய கிளைசீனாக இருக்கிறது.

உடனே எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவருடன் ரிச்சும், இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றார்கள். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்கில் அவர்கள் சொன்னதே பின்னர் நிலைத்தது. ஆனால் மூவிழைக் கயிறு என்ற அடிப்படை அசையவில்லை.

இராமச்சந்திரனின் பெருமை இதற்குப் பின்னரே முழுதாக விளங்குகிறது. அவர் வாதாடிக்கொண்டே நிற்கவில்லை. சோர்ந்து ஒதுங்கவும் இல்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கேட்டார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன், அதுவரை தெரிந்த படிக அமைப்புகளிலிருந்து அந்த எல்லைகளைத் திரட்டினார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று கணக்கிட்டு, 1963இல் வெளியிட்டார். அதுவே இராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அதைச் சரிபார்க்க அந்த வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். குறை சொன்னவர்களின் கேள்வியிலிருந்தே இந்தச் செல்வம் பிறந்தது.

பிற்காலத்தில் பெங்களூரில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவினார். 1971இல் இலட்சுமிநாராயணனுடன், எக்ஸ் கதிர்களால் உடலின் உட்படத்தைக் கணக்கிட்டு அமைக்கும் புது வழி ஒன்றைத் தந்தார். 1977இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு கிட்டவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் ஒரு தோல் துண்டை எடுத்து, ஒரு வாக்கில் இழுத்துக் காட்டினார், நீளவில்லை. மறுவாக்கில் இழுத்தார், நீண்டது. எந்த வாக்கில் வெட்டினால் பையின் பிடி தொய்யாது என்பது அவருக்கு முப்பது வருடங்களாகத் தெரியும். நான் கருவி வைத்து அளப்பதை அவர் கைவிரலால் அளந்து வந்திருக்கிறார்.

இப்போது யாராவது கேட்டால், அப்பா செய்வது தோல் தொழில் என்றே சொல்கிறேன்.