ஆகஸ்ட் ஐக்கார்ன்

ஆகஸ்ட் ஐக்கார்ன் (ஜூலை 27, 1878 – அக்டோபர் 13, 1949) ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆசிரியரும் உளப்பகுப்பாய்வாளரும் ஆவார். குற்றம் புரியும் சிறுவர்களின் உளவியலை ஆராய்ந்து, தண்டனைக்கு மாற்றான வழியை நடைமுறையில் காட்டிய முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

வியன்னாவில் பிறந்த இவர், அந்நகரிலேயே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். சிறுவர் இல்லங்களை இராணுவ முறையில் நடத்தும் திட்டத்தை இவர் எதிர்த்தார். 1918 இல் ஓபர்ஹோலாபுரூன் என்னும் ஊரில், முன்னர் அகதி முகாமாக இருந்த இடத்தில் நெறிதவறிய சிறுவர்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார்.

சிறுவர் இல்லம்

சிறுவர்கள் அவரவர் இயல்புக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மிகுந்த வன்முறை கொண்ட 12 சிறுவர்கள் ஒரு தனிக்குழுவாயினர். ஆபத்து நேராமல் காப்பதன்றி, பணியாளர்கள் அவர்களைத் தண்டிக்கவில்லை. தொடக்கத்தில் வன்முறை கூடியது. மேசைகளும் சன்னல்களும் உடைந்தன. எதிர்பார்த்த அடி கிடைக்காதபோது அவர்களின் சினம் பொருளிழந்தது. பின்னர் படிப்படியாக அமைதியடைந்தனர்.

கருத்துகள்

திருட்டு, பொய் முதலியவை நோயல்ல, உள்ளே மறைந்திருக்கும் கோளாற்றின் அறிகுறிகளே என்பது இவரது கருத்தாகும். அறிகுறியை மட்டும் அடக்கினால் அது வேறு வடிவில் வெளிப்படும். குற்றம் புரிவோர் அனைவரும் மனச்சாட்சி அற்றவர்கள் அல்லர் என்றும் இவர் விளக்கினார். சிலரிடம் மனச்சாட்சி வளரவேயில்லை. சிலர் குற்றவாளியான பெற்றோரின் நெறியையே தம் நெறியாக ஏற்றுக்கொள்கின்றனர். வேறு சிலர் மிகுந்த குற்றவுணர்வினால் தண்டனையைத் தேடியே தவறு செய்கின்றனர். எனவே ஒரே தண்டனை எல்லோரையும் திருத்தாது.

அன்பு கிடைக்காத சிறுவன் முதலில் ஒரு பெரியவரை நம்ப வேண்டும்; அப்பிணைப்பின் வழியாகவே அவரது நெறிகளை அவன் ஏற்பான். எனினும் அன்பு மட்டும் போதுமானதன்று. செல்லம் மிகுந்து கெட்டவர்கள், விரும்பியது கிடைக்காத நிலையைத் தாங்கவும் பழக வேண்டும் என்றார்.

நூலும் இறுதிக்காலமும்

இவரது முதன்மையான நூல் 1925 இல் சிக்மண்ட் பிராய்டின் முன்னுரையுடன் வெளிவந்தது. 1935 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. 1938 இல் நாட்சிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது உளப்பகுப்பாய்வாளர்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேறினர். மகன் டாக்கௌ வதைமுகாமில் அடைக்கப்பட்ட நிலையில், ஐக்கார்ன் வியன்னாவிலேயே தங்கினார். போருக்குப் பின் 1946 இல் வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகம் மீண்டும் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானார். 1949 இல் வியன்னாவில் காலமானார்.

இவரால் ஊக்கம் பெற்ற பிரிட்ஸ் ரெடில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் முரட்டுச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்தி இப்பணியைத் தொடர்ந்தார்.