யானை தைத்த அம்மையார்



பஞ்சடைத்த கரடிப் பொம்மையைக் காணாத குழந்தை இன்று அரிது. 2014ஆம் ஆண்டில் இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பின்னர் நம் பத்து காவானில் எழுந்துள்ள பெரிய கடைகளில் அவை கூடை கூடையாகக் குவிந்து கிடக்கின்றன. இத்தகைய பொம்மைகளை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர், நினைவறிந்த நாள் முதல் ஓரடியும் நடந்தறியாத ஒரு பெண்மணி ஆவார். அவர்தம் வரலாற்றினையே இவ்வாண்டு மலரில் கூற விழைகின்றோம்.

ஜெர்மனியின் தென்பகுதியில் பிரென்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் கீங்கன். அங்கே 1847ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் மார்கரெட் ஸ்டைஃப் பிறந்தார். தந்தை கட்டடத் தொழில் செய்பவர். ஒன்றரை வயதில் குழந்தையைக் கடுங்காய்ச்சல் பற்றியது. காய்ச்சல் நீங்கியபோது இரண்டு கால்களும் செயலிழந்திருந்தன. வலக்கையும் வலுவிழந்து, தூக்கினாலே வலித்தது. அந்நோய் இளம்பிள்ளை வாதம் என்று பின்னரே அறியப்பட்டது. (இந்நோய் நம் நாட்டை விட்டு ஒழிந்ததென்று பலரும் எண்ணியிருந்தபோது 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் தலைகாட்டியதை மறத்தல் கூடாது. தடுப்பு மருந்திற்குக் குறித்த நாளைப் பெற்றோர் தவறவிடாதிருப்பாராக.)

பெற்றோர் மகளைக் குணப்படுத்தச் செய்யாத முயற்சியில்லை. ஒன்பது வயதில் வெளியூர் மருத்துவரிடம் அனுப்பி அறுவை செய்வித்தனர். வெந்நீர் ஊற்றுள்ள ஊருக்கும் அனுப்பிவைத்தனர். கால்கள் அசையவில்லை. தாம் மறைந்தபின் இப்பிள்ளையை யார் காப்பார் என்னும் கவலை அத்தாயை வாட்டியது. அத்தகைய கவலையுடன் வாழும் தாய்மார் நம் தோட்டங்களிலும் உண்டு. மார்கரெட்டோ பதினேழு வயதளவில் ஒரு முடிவுக்கு வந்தார். இல்லாத மருந்தைத் தேடி மனம் அலைவதை நிறுத்திவிட்டு, இருக்கும் கையைக்கொண்டு செய்யத்தக்கதைச் செய்வதென்பதே அம்முடிவு.

அவர் பள்ளிக்குச் சென்றது எவ்வாறெனில், ஒரு சிறு கைவண்டியில்! உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அதனை இழுத்துச் சென்றனர். பள்ளியில் ஒரு பெண்மணி அவரைத் தூக்கிச் சென்று வகுப்பறையில் அமர்த்துவார். வண்டியில் அமர்ந்தபடியே புதுப்புது விளையாட்டுகளைக் கற்பித்து மற்றப் பிள்ளைகளைத் தம்மைச் சுற்றித் திரளச் செய்தாராம்.

தையற்பள்ளியில் அவர் முதலில் சிறந்து விளங்கவில்லை. வலக்கை விரைவில் களைத்துவிடும், தையல் கோணும். எனினும் விடாது பயின்று தேர்ந்த தையற்காரி ஆனார். கீங்கன் நகரில் முதல் தையல் இயந்திரம் வந்து இறங்கியது இவர்கள் வீட்டில்தான் என்பர். அதிலும் ஓர் இடையூறு காத்திருந்தது. கையால் சுழற்றும் இயந்திரத்தின் சக்கரம் வலப்புறத்தில் இருப்பதை நம் தாய்மார் நன்கறிவர். வலுவற்ற வலக்கையால் அதனைச் சுழற்ற இயலவில்லை. ஆகவே மார்கரெட் இயந்திரத்தையே முன்பின்னாகத் திருப்பி வைத்துக்கொண்டார். சக்கரம் இடக்கைப் பக்கம் வந்தது! இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே.

1877ஆம் ஆண்டில் கம்பளி ஃபெல்ட்டுத் துணியில் ஆடைகள் தைத்து விற்கும் கடையினைத் தொடங்கினார். ஃபெல்ட்டு என்பது நெய்த துணியன்று. கம்பளி இழைகளை ஈரமும் சூடும் அழுத்தமும் கொண்டு ஒன்றோடொன்று பிணையச் செய்தது. ஆதலின் வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. 1879 டிசம்பரில் ஓர் ஆடைக்கலை இதழில் சிறு யானையின் வெட்டு வடிவத்தைக் கண்டார். ஃபெல்ட்டுத் துணியில் அதனைத் தைத்து, உள்ளே ஆட்டுக்கம்பளியை அடைத்து, குண்டூசி குத்திவைக்கும் திண்டாக உறவினர்க்கு வழங்கினார். அவ்வீட்டுப் பிள்ளைகளோ ஊசியைப் பிடுங்கியெறிந்துவிட்டு யானையைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அக்காலப் பொம்மைகள் பெரும்பாலும் மரத்தாலும் பீங்கானாலும் ஆனவை. அணைத்துக்கொண்டு உறங்க ஏற்றவையல்ல. 1886ஆம் ஆண்டில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட யானைகள் விற்பனையாயின. பின்னர் குரங்கும் கழுதையும் குதிரையும் ஒட்டகமும் வந்தன. புதிய பொம்மை எதுவாயினும் முதல் மாதிரியை அம்மையார் தம் கையாலேயே செய்து, குறை கண்டு திருத்திய பின்னரே விற்பனைக்கு விடுவார்.

குறை எங்கே நேரும் என்பதனை நம் கைவினை வகுப்பில் பட்டே அறிந்தோம். நாம் தைத்த முயலின் காதில் பஞ்சு செல்லாமல் அது துவண்டு தொங்கியது, வயிறோ கல்லாயிற்று. பஞ்சினைக் கைப்பிடியளவாகத் திணித்ததே காரணம். அதனைப் பிய்த்துப் பிய்த்துச் சிறு துணுக்குகளாக்கி, காது, கால், தும்பிக்கை முதலிய முனைகளை மழுங்கிய குச்சியால் முதலில் நிரப்பி, உடலை இறுதியில் அடைத்தல் வேண்டும். நெய்த துணியாயின் உட்புறம் வெளியே தெரியுமாறு வைத்துத் தைத்து, வயிற்றில் இரண்டு விரல் நுழையும் திறப்பு விட்டு, அதன்வழியே புரட்டியெடுக்க வேண்டும். கம்பளி நூலால் பின்னுவோர் வழக்கத்தினும் மெல்லிய ஊசி கொண்டு நெருக்கமாகப் பின்னுக. இல்லையேல் கண்ணிகளின் இடையே பஞ்சு எட்டிப் பார்க்கும். திறப்பினை மூடுகையில் இரு ஓரங்களின் மடிப்பிலும் மாறி மாறி ஊசியைச் செலுத்தி, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். கைக்குழந்தைக்குரிய பொம்மையில் பொத்தானைக் கண்ணாக வைத்தல் கூடாது. அது பிய்ந்து வாய்க்குள் போகும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுவதே நன்று.

மீண்டும் கீங்கனுக்குச் செல்வோம். தம்பியின் மக்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொழிலில் இணைந்தனர். அவர்களுள் ரிச்சர்டு என்பார் ஓவியம் பயின்றவர். விலங்குக் காட்சிசாலையில் கரடிகளை வரைந்து வரைந்து பழகியவர். 1902ஆம் ஆண்டில் கையும் காலும் அசையும் கரடி ஒன்றனை உருவாக்கினார். அதற்குரிய அங்கோரா ஆட்டு மயிர்த்துணி விலை மிகுந்தது. ஆதலின் அம்மையார்க்கு அக்கரடியில் அத்துணை நம்பிக்கை பிறக்கவில்லை. 1903இல் லைப்சிக் நகரச் சந்தையில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகள் கேட்டதும் நிலைமை மாறிற்று. முந்திய ஆண்டில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டையின்போது கட்டுண்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அச்செய்தி கேலிச்சித்திரமாகி நாடெங்கும் பரவிற்று. அவருடைய செல்லப் பெயராகிய டெடி என்பதே பஞ்சுக்கரடிகளுக்கும் பெயராயிற்று. 1907ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9,74,000 கரடிகள் கீங்கனில் உருவாயின. தொழிற்சாலையில் 400 பேரும், தத்தம் வீட்டிலிருந்தே தைப்போர் 1,800 பேரும் உழைத்தனர். போலிகள் பெருகியமையால் 1904 முதலே ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பதிக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் நடுவே அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்து வேலையை மேற்பார்த்து வந்தார். 1890இல் எழுப்பிய கட்டடத்தில், அவர் நாற்காலி மேலேறும் பொருட்டுச் சாய்தளம் அமைத்திருந்தனர். நம் நாட்டுப் பொதுக்கட்டடங்கள் பலவற்றில் இன்றும் அத்தகைய வழி இல்லை. 1909ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் மார்கரெட் ஸ்டைஃப் காலமானார். அப்போது அவருக்கு வயது 61. கீங்கனில் அவர் பிறந்த இல்லம் இன்றும் பேணப்படுகின்றது.

வரும் தவணையில் நம் கைவினை வகுப்பில் யானை தைக்கவிருக்கின்றோம். வீட்டருகே இலவமரம் உடையோர் விதை நீக்கிய பஞ்சினைச் சிறிது கொடுத்துதவுக. பழைய கம்பளித் துணி இருப்பின் அதனையும் துவைத்து உலர்த்தி அனுப்புக. இடக்கை வழக்கமுள்ள மாணவர் அதனைத் தயங்காமல் முதல் நாளே ஆசிரியரிடம் கூறிவிடுவாராக. கத்தரிக்கோல் வேறாக வாங்க வேண்டும்.