‘மாணவன்’ என்னும் பெயரில் மறைந்த பேரறிஞர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் எம் முன்னோர். ஒரே உலையிற் கொதித்த சோற்றுக்கு அது சாலும். வயலுக்கு வயல் வேறுபடும் விளைவை அறிய எத்தனை கதிர் பதமாகும்? இவ்வினாவுக்கு விடை கண்ட வில்லியம் சீலி கொசெற் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கொசெற் 1876 ஆம் ஆண்டு யூன் 13 ஆந் திகதி இங்கிலாந்திலே கன்ரபரி நகரிற் பிறந்தார். வின்செஸ்ரர் கல்லூரியிலும், ஒக்ஸ்போட் நியூ கல்லூரியிலும் பயின்று, கணிதத்திலும் இரசாயனத்திலும் தேர்ச்சி பெற்றார். 1899 இல் டப்ளின் நகரிலே கின்னஸ் பியர் ஆலையிற் பணியேற்றார்.

ஆங்கு வாற்கோதுமை முதலிய மூலப்பொருள்களின் தரத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. புதிய விதையைச் சில வயல்களிலேயே விதைத்துப் பார்க்கலாம். விளைவும் ஆண்டுக்கொரு முறையே கிட்டும். அந்நாளைய புள்ளிவிபர முறைகளோ நூற்றுக்கணக்கான அளவீடுகளை வேண்டி நின்றன.

1906 இல் இலண்டன் சென்று, பேராசிரியர் கார்ள் பியர்சனின் ஆய்வுகூடத்தில் இப்பிரச்சினையை ஆராயலானார். குற்றவாளிகள் 3000 பேரின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நந்நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளாக்கித் தம் முடிபைச் சோதித்தார். 1908 இல் ‘பயோமெற்றிக்கா’ என்னும் ஏட்டில் அதனை வெளியிட்டார். ஊழியர் தம் பெயரில் எழுதுவதை ஆலையினர் அனுமதியாமையால், மாணவன் எனப் பொருள்படும் ‘ஸ்ரூடன்ற்’ என்னும் புனைபெயரைப் பூண்டார்.

அவர் கண்ட உண்மை யாது? சில அளவீடுகளினின்று சராசரியைக் கணிக்கும்போது, அவற்றின் சிதறலைக் காட்டும் நியம விலகலையும் அவற்றினின்றே கணிக்கின்றோம். ஆகவே அதுவும் ஐயத்துக்குரியதே. மாதிரி பெரிதாயின், உண்மைச் சராசரியை 95 சதவீத நம்பிக்கையுடன் அடக்கும் ஆயிடைக்கு நியம வழுவை 1.96 ஆற் பெருக்கினாற் போதும். நான்கே அளவீடுகளாயின் 3.18 ஆற் பெருக்கல் வேண்டும். 1.96 ஐயே கொள்வோமாயின், நூற்றில் ஐந்து முறை மட்டுமே தவறும் என நம்பிய ஆயிடை பதினான்கு முறைக்கு மேல் தவறும்.

மாணவர் இன்னொன்றையும் உளங்கொள்ளல் வேண்டும். அளவீடுகள் செவ்வன் பரம்பலைத் தழுவுவனவாயின், அந்நான்கினின்று உண்மைச் சராசரிக்கு அமையும் ஆயிடை இருபுறமும் நியம விலகலின் 1.59 மடங்கு ஆகும். அடுத்துவரும் ஒரு தனிப் பொருளின் அளவை எதிர்வுகூறவோ 3.56 மடங்கு வேண்டும். சராசரிக்குரிய ஆயிடையைக் காட்டித் தனிப்பொருளுக்கு உறுதி கூறுவோர் வாங்குவோரை ஏமாற்றியோராவர். எதைப் பற்றிக் கேட்கின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே ஆயிடையைத் தேர்தல் முறையாகும்.

கொசெற்றின் முடிபை இளைஞரான ரொனால்ட் பிஷர் 1912 இற் கணிதமுறையால் நிறுவினார். பின்னர் அதனை இன்றைய ‘ரீ’ வடிவிற் பரப்பினார். பியர்சனும் பிஷரும் கடும் பகைகொண்டிருந்த காலத்தும் இருவர்க்கும் நண்பராய் விளங்கியமை கொசெற்றின் பண்புக்குச் சான்றாகும். 1935 இல் இலண்டனில் எழுந்த புதிய ஆலையின் பொறுப்பை ஏற்ற அன்னார், 1937 ஒக்ரோபர் 16 ஆந் திகதி தமது 61 ஆவது வயதிற் காலமானார்.

சிறிதளவே அறிந்தோர் அதற்கேற்ற அடக்கத்துடன் பேசுதல் வேண்டும் என்பதை அவர் எண்ணால் நிறுவிச் சென்றார். அவ்வடக்கம் அறியாமையன்று, அறிவின் அளவை அறிந்த அறிவேயாம்.