சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

பொற்கொல்லன் உரையை மெய்யென நம்பிய பாண்டியன், கோவலனை விசாரியாமலே கொல்வித்தான். கோவலனுக்காக அரசவையில் ஒருவரும் வாய் திறந்திலர். கண்ணகி சிலம்பேந்தி வழக்குரைத்ததும் வென்றதும் அவன் கொலையுண்ட பின்னரே. சிலப்பதிகாரத்தின் இப்பகுதியைப் பயிலுவோர் யாவருக்கும், தண்டனை விதிக்குமுன்னே எளியோர்க்காக எழுந்து நின்று பேச ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் எழாமற் போகாது. அவ்வாறு எழுந்து நின்றவர்களுள் ஒருவரே சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். கறுப்பின மக்களின் உரிமைப் போரில் அவர் மாணவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. ஆசிரியராகிய அவர் பெயரை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

ஹூஸ்டன் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் வில்லியம் ஹூஸ்டன் பகலெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக உழைத்து, இரவில் ஹோவார்டு சர்வகலாசாலையிற் சட்டம் பயின்று வக்கீலானவர். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன்னே, 1896-இல், அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பை வழங்கிற்று. வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் வசதிகள் சமமாயிருப்பின், அவ்விரு சாராரையும் தனித்தனியே பிரித்து வைத்தல் சட்டத்துக்கு மாறன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். பிரிவு மட்டும் கண்டிப்பாக நிலைநிறுத்தப்பட்டது. சமத்துவமோ ஏட்டளவில் நின்றுவிட்டது. அத்தீர்ப்பின் வேரை அறுப்பதே அக்குழந்தையின் வாழ்நாட் பணியாக அமையவிருந்தது.

இளைஞர் ஹூஸ்டன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்று 1915-இல் சிறப்புடன் தேறினார். முதல் உலகப் போரிற் சேனை அதிகாரியாகிப் பிரான்சு தேசம் சென்றார். தாய்நாட்டின் சீருடை அணிந்திருந்தும், அந்நாட்டு வெள்ளைச் சிப்பாய்களாலேயே அவர் அவமதிக்கப்பட்டார். தம் இனத்துப் போர்வீரர்கள் தக்க விசாரணையின்றித் தண்டிக்கப்படுதலையும் கண்ணாரக் கண்டார். பகைவனிடம் படும் காயம் ஆறும். தன் நாட்டாரிடம் படும் இழிவு ஆறுவதன்று. உயிரோடு திரும்பினால் சட்டம் பயின்று, திருப்பியடிக்க இயலாதவர்களுக்காக வாதாடுவதென்று அவர் உறுதி பூண்டார். அவ்வாறே ஹார்வர்டு சட்டக் கலாசாலையிற் சேர்ந்தார். அதன் புகழ் வாய்ந்த சட்டப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இடம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் மாட்ரிட் சென்று மேலும் கற்றுத் திரும்பி, 1924-இல் தந்தையாரோடு வக்கீல் தொழிலில் இறங்கினார். ‘ஹூஸ்டன், ஹூஸ்டன்’ எனத் தந்தை பெயரும் மகன் பெயருமே தாங்கிய சிறு அலுவலகம் அது.

அதே ஆண்டில் ஹோவார்டு சட்டக் கலாசாலையிற் போதிக்கவும் தொடங்கினார். 1929-இல் அதன் நிர்வாகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அங்கே இரவு வகுப்புக்களே நடந்துவந்தமையால், பிற கலாசாலைகள் அதனைத் தம்மொடு சமமாக மதிக்கவில்லை. ஹூஸ்டன் இரவு வகுப்புக்களை நிறுத்தி, முழுநேரக் கல்வியை ஏற்படுத்தினார். பகலில் உழைத்துப் பிழைக்கும் ஏழை மாணவருக்கு இது பேரிடியாயிற்று. பழைய மாணவர் பலர் சினந்தனர். தம் தந்தையாரே இரவில் அங்குப் பயின்றவர் என்பதை ஹூஸ்டன் மறந்தாரல்லர். எனினும், அரைகுறையாகக் கற்ற வக்கீலிடம் அகப்பட்ட ஏழைக்கு வக்கீல் இல்லாமையே மேல் என்று கருதும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. 1931-இல் அக்கலாசாலை முழு அங்கீகாரம் பெற்றது. மாணவர் அவருடைய கண்டிப்பை நொந்து, இரும்புச் செருப்பு அணிந்தவர் எனப் பட்டப்பெயரிட்டழைத்தனர். அவர்களுள் 1933-இல் முதல்வராகத் தேறியவர் தர்குட் மார்ஷல்.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வர்ஜீனியா நாட்டுப்புறத்து லீஸ்பர்க் ஊரில் ஜார்ஜ் கிராபோர்டு என்பவனுடைய வழக்கு விசாரணைக்கு வந்தது. வெள்ளை மாதர் இருவரைக் கொன்றதாக அவன்மேற் குற்றஞ் சாட்டப்பட்டிருந்தது. தென்னாட்டில் அத்தகைய குற்றஞ் சுமந்த கறுப்பினத்தான் உயிர் தப்புவது அரிது. ஹூஸ்டனும் கறுப்பினத் தோழர் மூவரும் அவனுக்காகத் துணிந்து நின்றனர். ஜூரிகளைத் தெரிந்தெடுக்கும்பொழுது தம் இனத்தார் விலக்கப்படுவதை ஹூஸ்டன் கண்டித்து வாதித்தார். நீதிபதி அதனை ஏற்றிலர். சாட்சியமும் எதிரிக்குப் பாதகமாகவே இருந்தது. முடிவில் வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அவனைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. ஆயினும் தூக்கு மரத்துக்கு அனுப்பாமல் ஆயுட்சிறை விதித்தது.

மேன்முறையீடு செய்தால் ஜூரி பற்றிய பெருங் கேள்வியை உயர்ந்த நீதிமன்றம் வரை கொண்டு செல்லலாம். ஆனால் மறு விசாரணை நேரின் கிராபோர்டு தூக்கிலிடப்படவுங் கூடும். ஹூஸ்டன் மேன்முறையீடு செய்யவில்லை. கொள்கையைக் கைவிட்டார் என அவர்மேற் பழி சுமத்தியவர் பலர். உயர்ந்த கொள்கை ஒருபுறம், ஒரு மனிதனுடைய மூச்சு மற்றொருபுறம். வக்கீல் யாருக்கு முதற்கண் கடமைப்பட்டவன்? ஹூஸ்டன் தம் கட்சிக்காரனுக்கே என்று விடை கண்டார். அவர் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட கொள்கையும் அழியவில்லை. 1935-இல் ஓக்லஹோமாவில் மரண தண்டனை பெற்ற ஹாலின்ஸ் என்பவனுடைய வழக்கை அவர் சுப்ரீம் கோர்ட்டில் நடத்தினார். கறுப்பினத்தாரை ஜூரியினின்றும் விலக்கியதன் காரணமாக அத்தண்டனை தள்ளுபடியாயிற்று.

பின்னர்க் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் தலைமை வக்கீலாக அவர் பொறுப்பேற்றார். 1934-லேயே தென் கரோலினாவிற் பிரயாணஞ் செய்து, கறுப்பினச் சிறுவரின் பாழடைந்த பள்ளிகளையும் வெள்ளைச் சிறுவரின் நேர்த்தியான பள்ளிகளையும் சலனப் படமாகப் பிடித்து வந்திருந்தார். ‘தனியாயினும் சமம்’ என்னும் தீர்ப்பை எடுத்த எடுப்பிலேயே தாக்காமல், அச்சமத்துவத்தை உண்மையாகவே தருக என்று வழக்காடுவது அவர் கண்ட உபாயம். ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகச் சமமாய் நடத்தப் பொருள் ஏது? செலவு தாளாமல் பிரிவினையே சரிந்துவிழும் என்பது அவர் கணக்கு. முதலில் சட்டக் கலாசாலைகளை நாடினார். சட்டக் கல்வி எது சமம், எது சமமன்று என்பதை எந்த நீதிபதியும் தாமே அறிவரன்றோ? மார்ஷலும் அவரும் சேர்ந்து நடத்திய வழக்கால் 1935-இல் டொனால்டு மரே மேரிலாந்து சட்டக் கலாசாலையிற் புகுந்தார். 1936-இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 1938-இல் மிசௌரி மாகாணத்தின்மேல் லாயிட் கெயின்ஸ் தொடுத்த வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு ஹூஸ்டன் பக்கமே தீர்ப்பளித்தது.

அவ்வாண்டே அவர் வாஷிங்டனுக்கு மீண்டு, தந்தையாரின் சிறு அலுவலகத்தை மறுபடி அடைந்தார். கறுப்பினத் தொழிலாளரைச் சேர்க்க மறுத்துக்கொண்டே அவர்கள் சார்பிலும் ஒப்பந்தஞ் செய்துவந்த ரெயில்வே தொழிற் சங்கம், அவர்களுக்கும் நேர்மையாக நடக்கக் கடமைப்பட்டதென்று 1944-இல் தீர்ப்புப் பெற்றார். கறுப்பினத்தாருக்கு வீடு விற்கலாகாது என்னும் பத்திரக் கட்டுப்பாடுகளை நியாயஸ்தலம் நிறைவேற்றலாகாதென 1948-இல் வென்றார். பெரிய சங்கங்களும் செல்வரும் மட்டுமே அவரை நாடினர் என்றெண்ணற்க. வாஷிங்டனில் தம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டிப் போராடிய பெற்றோருக்குத் தலைவராயிருந்தவர் ஒரு நாவிதர். அவரையும் அவரைச் சார்ந்த ஏழைப் பெற்றோரையும் ஹூஸ்டன் தம் கட்சிக்காரராக ஏற்றுக்கொண்டார்.

ஓயாத உழைப்பால் அவர் இருதயம் நலிந்தது. படுக்கையிற் கிடந்தபொழுதும் அப்பெற்றோரின் வழக்கை மறவாமல், தம் நண்பர் ஜேம்ஸ் நாப்ரிட்டிடம் ஒப்புவிக்க ஏற்பாடு செய்தார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், தம் 54-ஆம் வயதில் அவர் காலமானார். நான்காண்டுகள் கழித்து, 1954 மே 17-ஆம் நாள், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிரதான வழக்கில் வாதாடியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர் மாணவர் மார்ஷல். அந்நாவிதரின் குழுவினர்க்காக நாப்ரிட் நடத்திய வழக்கும் அதே நாளில் வெற்றி பெற்றது. 1967-இல் மார்ஷல், சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதியாக அமர்ந்த முதற் கறுப்பினத்தவரானார்.

நேபோ மலையின் உச்சியில் நின்று கானானைக் கண்ட மோசே அதனுள் பிரவேசிக்கவில்லை. யோசுவாவே சனங்களை உள்ளே நடத்திச் சென்றான். ஹூஸ்டனுக்கு அத்தரிசனத்தின் அளவே வாய்த்தது. ஆனால் யோசுவாவைப் பயிற்றியவர் அவர். கற்ற சட்டத்தைப் பொருளீட்டுங் கருவியாக மட்டும் கொள்ளாமல், வாயற்றவர்க்கு வாயாக அமைந்தவர் அவர். அத்தகைய ஆசிரியரும் அத்தகைய மாணவரும் நம் கலாசாலையினின்றும் தோன்றுவாராக!