கடன் தீர்க்கப்பட்டவரின் அன்பு
அடோனிராம் ஜட்சன் வாழ்விலிருந்து

பர்மாவை விட்டு வந்த எம் குடும்பங்களுக்குப் பசுந்தாங் என்னும் பெயரைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரங்கூன் நகரின் கிழக்கே, அதே பெயர் கொண்ட சிற்றாறு ஓடும் பகுதி அது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அந்த ஆற்றங்கரையில் அரிசி ஆலைகள் பெருகின. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் அங்கே மூடை சுமந்தனர். 1942இல் யப்பானியப் படை நெருங்கியபோது இலட்சக்கணக்கான இந்தியர், அவர்களுள் எண்ணற்ற தமிழர், காடும் மலையும் கடந்து வெளியேறினர். 1964ஆம் ஆண்டு கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின்னர் மேலும் பெருந்தொகையினர் வெறுங்கையுடன் கப்பலேறினர். எம்முட் பலருக்குப் பர்மா என்பது இழப்பின் மறுபெயர்.

அந்த ஆலைகள் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ரங்கூன் துறையில் வந்திறங்கித் தமக்குரியவரை அந்த மண்ணிலே பறிகொடுத்தவர் அடோனிராம் ஜட்சன். பர்மிய மொழியில் முழு விவிலியத்தையும் தந்தவர் என உலகம் அவரை அறியும். எனினும் இன்று நாம் அவரை நினைவுகூர்வது வேறொரு காரணத்துக்காக. கிறிஸ்து சிலுவையில் மனிதருக்காகப் பரிகாரம் செய்தார் என்பது கிறிஸ்தவரின் மைய நம்பிக்கை. பரிகாரம் செய்து முடிந்துவிட்டதெனில், கிறிஸ்தவன் கடவுள்மீது கொள்ளும் அன்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இந்தக் கேள்வியைத் தம் வாழ்வில் மிகுந்த வேதனையுடன் கடந்து வந்தவர் ஜட்சன்.

கிடைத்த கப்பலில்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், மால்டன் என்னும் ஊரில், 1788 ஆகஸ்ட் 9ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சபைப் போதகர். கூர்மதி படைத்த மகன் 1807இல் கல்லூரியின் முதன்மை மாணவனாகப் பட்டம் பெற்றார். ஆனால் அங்கே நண்பன் ஒருவனின் செல்வாக்கினால் தந்தையின் நம்பிக்கையை முற்றாகக் கைவிட்டிருந்தார். பின்னர் ஒரு பயணத்தின்போது விடுதியொன்றில் தங்கிய இரவு, பக்கத்து அறையில் மரணத் தறுவாயில் இருந்த ஒருவரின் முனகல் அவரை உறங்கவிடவில்லை. விடிந்ததும், இறந்தவர் யார் என விசாரித்தார். அவருடைய நம்பிக்கையைக் குலைத்த அதே நண்பனே அந்த அறையில் இறந்து கிடந்தான். அந்த அதிர்ச்சியே அவரை இறையியற் கல்விக்குத் திருப்பிற்று.

1812 பெப்ரவரி 5ஆம் நாள் ஆன் ஹசெல்டைன் என்னும் மங்கையை மணந்து, இரு கிழமைகளுக்குள் இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைத் தங்க அனுமதிக்கவில்லை. மொரிசியசுத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 யூன் மாதம் சென்னைக்கு வந்தனர். அங்கும் நாடு கடத்தப்படும் அச்சம் துரத்தியது. அதற்குத் தப்புவதற்கு அவ்வேளை துறைமுகத்திற் கிடைத்த ஒரே கப்பல் ரங்கூனுக்குப் புறப்படவிருந்தது. செல்ல வேண்டாமென்று பலரும் தடுத்திருந்த நாடு அது. வங்கக் கடலில் அவர்களின் முதற் குழந்தை இறந்தே பிறந்தது. யூலை 13ஆம் நாள் ரங்கூனை அடைந்தபோது ஆன் நடக்கவும் இயலாத நிலையில் இருந்தார். எந்த நாடு ஏற்கும் என்று அறியாது கடலில் அலைந்த அனுபவம் எமக்கு அந்நியமானதன்று.

ஆறு ஆண்டுகள், ஒரு மனிதர்

மொழியைக் கற்பதிலும் எழுதுவதிலும் ஆண்டுகள் கழிந்தன. 1816இல் எட்டு மாத மகன் ரோஜர் காய்ச்சலால் இறந்தான். 1819இல் வழிப்போக்கர் தங்கும் பர்மிய மடத்தின் அமைப்பிலே வீதியோரத்தில் ஓர் இளைப்பாறு மண்டபம் கட்டினார். பர்மியர் அதனைச் சயாத் என்பர். எம் ஊர்களின் மடம் போன்றது. அங்கே வந்து அமர்ந்தவர்களோடு நாள்தோறும் உரையாடினார். அவ்வாண்டு யூன் 27ஆம் நாள் மவுங் நாவ் என்பவர் முதலாவது பர்மியராகத் திருமுழுக்குப் பெற்றார். வந்திறங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தாமதத்துக்கு அரசனின் தண்டனை பற்றிய அச்சம் ஒரு காரணம். கருத்திலும் ஒரு தடை இருந்தது. வினை செய்தவனே அதன் பயனை அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது பௌத்தரின் உறுதியான எண்ணம். ஊழ்வினை பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கும் அது விளங்கும். ஒருவரின் கடனை மற்றொருவர் தீர்த்தார் என்பது அத்தகைய மனத்துக்கு எளிதில் ஏறும் செய்தியன்று. அதை மற்றவருக்கு எடுத்துரைத்த ஜட்சனே, பின்னாளில் அதைத் தமக்கென ஏற்கத் தடுமாறினார்.

ஆவாவின் சிறை

1824இல் பர்மிய மன்னனுக்கும் பிரித்தானியருக்கும் போர் மூண்டது. தலைநகர் ஆவாவில் இருந்த ஜட்சன் யூன் 8ஆம் நாள் ஒற்றனெனச் சந்தேகிக்கப்பட்டுக் கைதானார். மரணச் சிறையில் கால்களிற் பல விலங்குகள் பூட்டப்பட்டன. இரவில் கைதிகளின் கால்களுக்கிடையே மூங்கிற் கழியைச் செலுத்தி, தோளும் தலையும் மட்டும் தரையிற் படுமாறு உயர்த்தி விடுவர். வெளியே, கருவுற்றிருந்த ஆன், அதிகாரிகளின் வாசல்களில் நாள்தோறும் மன்றாடினார். கணவர் எழுதிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைக் கரடுமுரடான தலையணை ஒன்றினுள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் அனுப்பினார். பின்னர் அத்தலையணை பறிபோனபோதும், பஞ்சுருண்டையென எறியப்பட்ட அந்தக் கைப்பிரதியைப் பர்மியச் சீடர் ஒருவர் நினைவுப் பொருளாக எடுத்து வைத்தமையால் அது தப்பியது.

1825 சனவரியில் மகள் மரியா பிறந்தாள். கைதிகள் வேறு சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டபோது தாயும் சேயும் பின்தொடர்ந்தனர். நோயுற்ற தாய்க்குப் பால் வற்றியது. காவலரின் இசைவுடன், விலங்கோடு வெளியே வந்த தந்தை, குழந்தையை ஏந்திக்கொண்டு ஊர்த் தாய்மாரிடம் பால் இரந்தார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுச் சிறைவாழ்வு அவ்வாண்டின் பிற்பகுதியில் முடிந்தது.

தோண்டிய குழி

பெருந்துயர் விடுதலைக்குப் பின்னரே வந்தது. 1826இல் பிரித்தானியத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக அவர் மீண்டும் ஆவாவுக்குச் சென்றார். சமய சுதந்திரத்துக்கு ஒப்பந்தத்தில் இடம் கிடைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அது கிடைக்கவில்லை. அவர் அங்கிருந்த வேளையில், ஒக்டோபர் 24ஆம் நாள், ஆம்ஹெர்ஸ்ட் என்னும் கரையோர ஊரில் ஆன் காலமானார். கறுப்பு முத்திரையுடன் வந்த கடிதத்தைக் கண்டு, குழந்தை இறந்த செய்தியென்றே எண்ணிப் பிரித்தார். மனைவியின் மரணம் அதில் இருந்தது. ஆறு மாதங்களில் மரியாவும் தாயின் அருகே அடக்கம் செய்யப்பட்டாள்.

தமக்காக அனைத்தையும் தாங்கியவள் இறக்கையில் தாம் அருகில் இல்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. புகழாசையே தம்மை இயக்கியதோ என்ற ஐயமும் எழுந்தது. பல்கலைக்கழகம் அளித்திருந்த கௌரவப் பட்டத்தைத் துறந்தார். பாராட்டுக் கடிதங்களை அழிக்கச் செய்தார். தம் சொத்தை மிசனுக்குக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு மறைஞானி மதாம் குய்யோனின் நூல்களை வாசித்து, தன்னலம் முற்றாக அழிந்தாலன்றிக் கடவுளன்பு தூயதாகாது என எண்ணினார். ஆன் மறைந்த இரண்டாம் ஆண்டு நினைவு நாளில் மோல்மீன் காட்டோரத்துக் குடிசையில் தனித்து வாழத் தொடங்கினார். தமக்கென ஒரு புதைகுழியைத் தோண்டி, அதனருகே அமர்ந்து தம் உடல் அழிவதைத் தியானித்தார்.

இத்தனைக்கும் பின் அமைதி கிட்டியதா? இல்லை. 1829 ஒக்டோபரில், கடவுள் இருக்கிறார் என்பதில் தமக்கு ஐயமில்லை, ஆயினும் அவர் தமக்கு எட்டாதவராகவே இருக்கிறார் என்னும் பொருள்பட எழுதினார்.

கோ தா பியுவின் கடன்

இக்காலத்தை ஒட்டியே அவர் வாழ்வில் இன்னொரு மனிதர் வந்தார். கோ தா பியு என்னும் கரேன் இனத்தவர். கொள்ளையர்; முப்பது பேரளவில் கொலையுண்டமைக்குப் பொறுப்பானவர் எனப்பட்டவர். கடனைத் திருப்ப இயலாதவன் அடிமையாவது அந்நாட்டு வழக்கம். அவ்வாறு அடிமைப்பட்டிருந்த அவரின் கடனைப் பர்மியக் கிறிஸ்தவர் ஒருவர் செலுத்தி மீட்டார். பின்னர் ஜட்சன் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றார். முரட்டுக் குணம் மெல்லவே மாறியது. 1828 மே மாதம் தாவாயில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அன்று முதல் 1840இல் இறக்கும்வரை கரேன் மக்களின் மலையூர்களில் நடந்து நடந்து நற்செய்தி கூறினார்.

கொலையுண்டவர்களை அவரால் உயிர்ப்பிக்க முடியாது. தம்மை வருத்தி அக்கணக்கைத் தீர்க்கவும் முடியாது. தீர்க்க முடியாத கடனை வேறொருவர் தீர்த்தார் என்பதை ஏற்றார், நன்றியினால் நடந்தார். கற்றறிந்த ஆசிரியரோ அவ்வேளையில் குழியருகே அமர்ந்து, தம் அன்பின் தூய்மையைத் தம் துன்பத்தால் நிறுவ முயன்றுகொண்டிருந்தார். கிறிஸ்துவின் பரிகாரம் என்னும் போதனையின் உட்பொருள் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எமக்குத் தெளிவாகிறது. கடவுள் மனிதனை நேசிக்கத் தொடங்குவதற்கு மனிதன் செலுத்தும் விலையன்று அன்பு. விலை செலுத்தப்பட்டதை அறிந்தவனிடம் பிறப்பதே அன்பு. முன்னையது தன்னையே ஓயாது அளந்து பார்க்கும். பின்னையது பிறரை நோக்கித் திரும்பும்.

மீண்டும் ரங்கூன்

ஜட்சன் ஒரே நாளில் மீளவில்லை. காட்டை விட்டு வந்து பணியில் இறங்கியதோடு இருள் சிறிது சிறிதாக விலகியது. 1830இல் ரங்கூனுக்குத் திரும்பினார். 1831இல் சுவேதகோன் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திரண்ட மக்களுள், கேட்டவர்களுக்கு மட்டுமே சிறு பிரசுரங்களைக் கொடுத்தார். அவை ஏறத்தாழ 10,000 ஆயின. 1834 சனவரி 31ஆம் நாள் பர்மிய விவிலியத்தின் மொழிபெயர்ப்பை நிறைவு செய்தார். அவ்வாண்டிலேயே சாரா போர்ட்மன் என்னும் விதவையை மணந்தார். 1845இல் அவரையும் இழந்தார். அத்துயரிலும் அவர் மீண்டும் குழி தோண்டவில்லை. 1846இல் எமிலி சப்பக்கை மணந்து பர்மாவுக்கு வந்து, அகராதிப் பணியைத் தொடர்ந்தார். 1850 ஏப்ரல் 12ஆம் நாள், நோய்க்கு மாற்றாகக் கடற்பயணம் சென்றபோது கப்பலில் உயிர் துறந்தார். உடல் வங்கக் கடலில் விடப்பட்டது. எமிலிக்குச் செய்தி எட்ட நான்கு மாதங்கள் சென்றன. காட்டிலே தமக்கெனக் குழி தோண்டியவருக்கு மண்ணில் ஒரு கல்லறையும் இல்லை. அவரது விவிலியமோ இன்றும் மியன்மாரில் வாசிக்கப்படுகிறது.

உறவுகளை விட்டுத் தப்பி வந்த எம்மிற் பலர் உள்ளத்தில் ஒரு குழியை வைத்திருக்கிறோம். அவர்கள் மாள நாம் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறோம் என்ற கேள்வி இரவிலே எழும். நல்ல உணவு உண்ணவும், சிரிக்கவும் கூசுவோர் உளர். தம்மை வருத்துவதே மாண்டோருக்குச் செலுத்தும் கடன் என்று எண்ணுவோரும் உளர். ஜட்சனும் அந்தக் குழியருகே அமர்ந்திருந்தவரே. நம்பிக்கை உள்ளவர்க்கு அவர் வாழ்வு கூறுவது இதுவே: எம்மாற் தீர்க்க முடியாத கடனைத் தீர்க்குமாறு கடவுள் எம்மைக் கேட்கவில்லை. அதைத் தீர்த்தவரை நேசிக்குமாறும், அந்த நேசத்தோடு எழுந்து, அருகில் இருப்பவருக்குப் பணி செய்யுமாறுமே கேட்கிறார்.