தம் பிழை மறையாச் சான்றோர்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றின் கரையில் அமைந்தது செவில் மாநகரம். அந்நகரில் 1484ஆம் ஆண்டில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பர்த்தலோமே தே லாஸ் காஸாஸ் என்பவர். அவர் தந்தையார் கொலம்பஸின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்றவர். மீண்டு வந்தபோது தீவு மக்களுள் ஓர் இளைஞனை அழைத்து வந்து, மகனுக்குப் பணியாளாகத் தந்தார். பின்னர் அரசி இசபெல்லாவின் ஆணைப்படி அவ்விளைஞன் தன் நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டான். அடிமைகள் செவில் நகருக்குப் புதியவர் அல்லர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்து விற்ற கறுப்பின மக்கள் அந்நகரத்து வீடுகளிலும் துறைமுகத்திலும் உழைத்து வந்தனர். லாஸ் காஸாஸ் அக்காட்சியைக் கண்டே வளர்ந்தார். நாள்தோறும் கண்டு பழகிய கொடுமை கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றுவது அரிது அன்றோ!

1502ஆம் ஆண்டில் அவர் இஸ்பானியோலாத் தீவிற்குக் கப்பலேறினார். ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இன்று அமைந்துள்ள தீவு அது. அங்கே குடியேறிய ஸ்பானியருக்கு அரசு ஊர் ஊராகப் பழங்குடி மக்களை ஒப்படைத்தது. ஒப்படைக்கப்பட்டோருக்குச் சமயம் கற்பித்தல் ஸ்பானியர் கடமை. அவர்தம் உழைப்பைப் பெறுதல் உரிமை. ஏட்டில் இருந்த முறை இது. நடைமுறையிலோ, கடமை மறக்கப்பட்டது. உரிமை மட்டும் நின்றது. பொன் அகழும் குழிகளிலும் விளைநிலங்களிலும் அம்மக்கள் மாண்டனர். லாஸ் காஸாஸும் இவ்வாறு ஆட்களைப் பெற்றுப் பயனடைந்தவரே. குருப்பட்டம் பெற்ற பின்னரும் அவர் அதனை விட்டிலர்.

1511ஆம் ஆண்டில் சாமிநாதர் சபைத் துறவியான மோந்தேசினோஸ் என்பார், ஆலய மேடையில் நின்று இக்கொடுமையைக் கடுமையாகக் கண்டித்தார். குடியேறியோர் சினந்து எழுந்தனர். அச்சபைத் துறவி ஒருவர், ஆட்களை உடைமையாக வைத்திருந்த லாஸ் காஸாஸுக்குப் பாவமன்னிப்பு வழங்கவும் மறுத்துவிட்டார். அப்போதும் அவர் மனம் மாறவில்லை. ஸ்பானியப் படையுடன் கியூபாத் தீவிற்குச் சென்றார். கவோனாவோ என்னும் ஊரில் படைவீரர் ஏதுமறியா மக்களை வெட்டி வீழ்த்தியதை நேரில் கண்டார். அத்தீவிலும் நிலமும் ஆட்களும் பெற்றார். 1514ஆம் ஆண்டில் திருநாள் சொற்பொழிவு ஒன்றிற்காக மறைநூலைப் புரட்டியபோது, ஏழையிடம் பறித்த பொருளைக் காணிக்கையாக்குவதைக் கண்டிக்கும் பகுதி அவர் கண்ணிற் பட்டது. பன்னாள் சிந்தித்தார். பின்னர் ஆளுநரிடம் சென்று, தமக்கு ஒப்படைக்கப்பட்டவர் அனைவரையும் விட்டுவிட்டதாக அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் ஆலயத்தில் அனைவரும் கேட்க அதனை உரைத்தார்.

அடுத்த ஆண்டே அவர் ஸ்பெயினுக்குச் சென்று அரசரிடம் முறையிட்டார். 1516ஆம் ஆண்டில் பழங்குடி மக்களின் காவலர் என்னும் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. அம்மக்களைக் காக்கும் வழிகளை வகுத்து அரசவைக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். அவர் வாழ்வின் பெரும்பிழை அதிலேதான் புகுந்தது. தீவு மக்களை விடுவித்தால் சுரங்கங்களில் வேலை செய்வோர் யார் என்று குடியேறியோர் கேட்பர். ஆதலின் அவர்களுக்கு ஈடாக அடிமைகளைத் தருவித்துக் கொள்ளலாம் என்று அவர் எழுதிவிட்டார். பின்வந்த ஆண்டுகளிலும் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணர்வதை ஆதரித்தே பேசினார். ஒருவரை மீட்க மற்றொருவரைப் பிணைக்கும் வழி அது.

ஆப்பிரிக்க அடிமைகள் அத்தீவுகளுக்கு வரத் தொடங்கியது அவர் சொல்லால் அன்று. அவர் விண்ணப்பம் எழுதுவதற்குப் பல்லாண்டு முன்பே அவ்வணிகம் தொடங்கிவிட்டது. ஆயினும் அவர் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு. 1518ஆம் ஆண்டில் 4000 ஆப்பிரிக்கரைக் கொண்டு செல்ல அரசர் உரிமை வழங்கினார். அதனைப் பெற்ற அரசவையினர் ஒருவர் ஜெனோவா வணிகருக்கு விற்றுப் பொருள் ஈட்டினார்.

தீவு மக்களுக்காக உருகிய உள்ளம் ஆப்பிரிக்கருக்காக உருகாதது ஏன்? ஆப்பிரிக்கர் அறப்போரில் தோற்றுச் சிறைப்பட்டவர் என்றும், ஆதலின் அவரை அடிமை கொள்ளுதல் முறையே என்றும் அக்கால ஐரோப்பியர் கருதினர். கறுப்பரின் உடல் எத்துணை உழைப்பையும் தாங்கும் என்று அவர்கள் எண்ணினர். அவருக்கு நோயே வாராது என்றும் நம்பினர். லாஸ் காஸாஸும் நம்பினார், ஆராய்ந்து பார்த்தாரல்லர்.

1522ஆம் ஆண்டில் அவர் சாமிநாதர் சபையிற் சேர்ந்தார். அவரது இடைவிடா முயற்சியும் துணையாக, பழங்குடி மக்களை அடிமை கொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் 1542ஆம் ஆண்டில் இயற்றப்பட்டன. சியாபாஸ் நாட்டின் மேற்றிராணியாராக அமர்ந்தபோது, அடிமைகளை விடுவியாதாருக்குப் பாவமன்னிப்பு இல்லை என ஆணையிட்டார். முன்னாளில் தமக்கு மறுக்கப்பட்டதையே அவர் பிறர்க்கு மறுத்தார் என்க. எதிர்ப்பு மிகுந்தமையால் 1547ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கு மீண்டார். 1550ஆம் ஆண்டில் வயதோலித் நகரில் கூடிய அறிஞர் அவையில், பழங்குடி மக்கள் இயல்பிலேயே அடிமைகள் என வாதித்த செபுல்வேதா என்பாரை எதிர்த்து ஐந்து நாள் தம் நூலைப் படித்தார்.

இம்முதுமைக் காலத்தில்தான், போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிற் செய்தவற்றை அவர்களுடைய வரலாற்று நூல்களைக் கொண்டே அவர் அறிந்தார். 1444ஆம் ஆண்டில் லாகோஸ் துறைமுகத்தில் 235 பேர் கரையிறக்கப்பட்டு, தாய் வேறு, சேய் வேறாகப் பங்கிடப்பட்ட செய்தியை அவற்றிற் கண்டார். அறப்போர் எங்கே? வீட்டில் இருந்தோரை வளைத்துப் பிடித்ததே அங்கு நடந்தது. நோயணுகா உடல் என்னும் நம்பிக்கையையும் கரும்பாலைகள் பொய்யாக்கிவிட்டன. அங்கே ஆப்பிரிக்கர் திரள் திரளாக மாண்டனர்.

தாம் எழுதிவந்த இந்தியத் தீவுகளின் வரலாறு என்னும் பெருநூலில் லாஸ் காஸாஸ் இவற்றையெல்லாம் வரைந்தார். தம்மைப் படர்க்கையில் வைத்து, காஸாஸ் என்னும் குருவானவர் கூறிய அறிவுரை தீயது என்று எழுதினார். ஆப்பிரிக்கரின் அடிமைத்தனமும் தீவு மக்களின் அடிமைத்தனம் போன்றே அநீதியானது என்றும், அதனை முன்பே ஆராயாதது தம் குற்றம் என்றும் ஒப்புக்கொண்டார். அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காக்கும் என உறுதி கூறவும் அவர் துணியவில்லை. இஸ்பானியோலாவில் அந்நாளில் 30,000 ஆப்பிரிக்கர் இருந்தனர் என்றும், புதிய உலகெங்கும் 1,00,000 பேருக்கு மேல் இருப்பர் என்றும் கணக்கிட்டார். தம் சொல்லால் விளைந்தது இன்னது என எண்ணிப் பார்த்தவரே இக்கணக்கை எழுதியிருக்க முடியும்.

எழுதினாரே அன்றி, பழங்குடி மக்களுக்காகப் போராடியதுபோல ஆப்பிரிக்கருக்காக அரசவையில் அவர் போராடவில்லை. இதனையும் மறைத்தல் கூடாது. அந்நூலை நாற்பது ஆண்டுகள் வெளியிடலாகாது என்று கூறி, வயதோலித் நகரின் சமயக் கல்லூரி ஒன்றில் ஒப்படைத்தார். 1566ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மாட்ரிட் நகரில் அவர் உயிர் நீத்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்தன, நூல் அச்சேறவில்லை. 1875ஆம் ஆண்டில்தான் அதன் முதற்பகுதி மாட்ரிட் நகரில் அச்சாயிற்று. அவர் தம் ஆட்களை விடுவித்த அதே கியூபாத் தீவில், ஸ்பானியக் கொடியின்கீழ், ஆப்பிரிக்க மக்கள் அன்றும் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தனர். அவர்கள் முற்றும் விடுதலை பெற்றது 1886ஆம் ஆண்டில்.