பினாங்குப் பையன் பி. ரம்லி

தோட்டத் தோழர்களே, இந்த வாரம் நாம் சொல்ல வந்தது ஒரு பாட்டுக்காரரின் கதை. மலாய்ப் பாட்டுக்காரர்தான். ஆனால் அவரைக் கைதூக்கி விட்டதில் நம்மவருக்கும் பங்குண்டு.

பினாங்கு சுங்கை பினாங்கில் 1929 மார்ச் 22-ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. தகப்பனார் புத்தே அச்சேயிலிருந்து வந்தவர். அந்தப் பெயரின் முதலெழுத்துதான் பிற்பாடு 'பி' என்று நின்றது. பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தாலும் பையனுக்குப் புத்தி போனதெல்லாம் பந்திலும் பாட்டிலும். ஜப்பான்காரன் காலத்தில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவர் அங்கேயும் பாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்.

1947-இல் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் வடமலாயாவின் முதல் பாடகராக வந்தார். மறுவருடம் புக்கிட் மெர்தாஜாம் விவசாயக் கண்காட்சியில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்த டைரக்டர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். உடனே சிங்கப்பூருக்கு அழைப்பு. ஷா சகோதரர்களின் 'சிந்தா' படத்தில் வில்லன் வேஷம். கதாநாயகனுக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும் வேலை வேறு! 1950-இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கி, அவர் குரலிலேயே பாடவும் வைத்தவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். இதை நாம் மறக்கலாமா?

அப்புறம் ஏறுமுகம்தான். 1955-இல் 'பெனாரெக் பெச்சா', அதாவது ரிக்‌ஷாக்காரர் கதையை, தாமே இயக்கினார். 1957-இல் தோக்கியோ ஆசியப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு. ஜோகெட், கெரொன்சோங், இந்துஸ்தானி, மேல்நாட்டு ஜாஸ் எல்லாவற்றையும் கலந்து 200-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டார்.

நமக்குப் பிடித்தது 1962-இல் வந்த 'இபு மெர்துவாக்கு'. ரேடியோவில் சாக்ஸபோன் வாசிக்கிறான் காசிம் செலாமாட். கேட்ட பணக்காரப் பெண் மயங்கிக் கட்டிக்கொள்கிறாள். மாமியாருக்கோ பாட்டுக்காரன் என்றால் இளக்காரம். இருவரும் பினாங்கில் குடித்தனம் போட, கைக்காசு கரைய, அவன் கூலி வேலைக்குப் போகிறான். பெண்டாட்டி செத்தாள் என்று மாமியார் பொய்த் தந்தி அடிக்க, அழுதழுதே கண் போகிறது. கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்கிற பேச்சு நம் லயங்களிலும் கேட்டதுதானே!

1964-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டுடியோவுக்கு மாறினார். சிங்கப்பூரில் இருந்த வசதி அங்கே இல்லை. ஜனங்கள் கலர் படம் தேடிப் போக, இவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். படங்கள் ஓடவில்லை, கையும் வறண்டது. 1972-இல் வந்த 'லக்ஸமானா டோ ரே மி'தான் கடைசிப் படம். 1973 மே 29-ஆம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். வயது 44.

'டான் ஸ்ரீ' பட்டம் வந்தது 1990-இல், ஆள் போய்ப் பதினேழு வருஷம் கழித்து! பினாங்கில் அவர் பிறந்த வீட்டைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அது இருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான்.